கூப்பிட்டால் எங்கிருந்து வரும்?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகனும் அவன் சிநேகிதர்களும் கூடத்தில் பாயை விரித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கைபேசியில் இல்லை, அதுவே பெரிய ஆச்சரியம். ஒருவன் கதை சொல்கிறான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்கிறார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை உருட்டிப் பார்க்கிறார்கள். எல்லாம் வேலைக்குப் போகிற தடியன்கள். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

“நான் ஒரு ஓநாயை சம்மன் பண்றேன்” என்றான் ஒருவன். சம்மன் என்றால் நமக்கெல்லாம் கோர்ட்டிலிருந்து வருவதுதான் தெரியும். இவர்கள் பாஷையில் மந்திரம் போட்டு ஒரு பிராணியை வரவழைப்பது. உடனே சண்டை கிளம்பிவிட்டது. அந்த ஓநாய் எங்கிருந்து வருகிறது? மந்திரத்திலேயே உண்டாகிறதா, எங்கேயோ காட்டில் இருந்ததை இழுத்துக்கொண்டு வருகிறதா? வந்த இடத்தில் செத்தால் நிஜமாகவே செத்துவிடுமா?

“இருந்த எடத்துலேர்ந்துதான் வரும். இங்க செத்தா சாவாது, திரும்பிப் போயிடும்” என்றேன், மீனைப் பார்த்துக்கொண்டே.

“ஒனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றான் மகன். கையில் செதிலோடு நின்றுகொண்டு அவனிடம் என்ன சொல்வது? உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கும் ஐம்பது தாண்டியிருக்கும், முழங்கால் தனியாகப் பேச ஆரம்பித்திருக்கும். நம் வயதுக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தாலும் பாதியில் எழுந்து போக மாட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில், புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் தெரு. மில்லுக்குப் போகிறவர்கள் பாதி, போய்க்கொண்டிருந்து நின்றுபோனவர்கள் பாதி. என் அப்பா இரண்டுக்கும் நடுவில், பதிலி ஆள். நிரந்தரக்காரன் வராத அன்றைக்குத்தான் அவருக்கு வேலை. விடிந்ததும் மில் வாசலில் போய் நிற்பார். பெயரைக் கூப்பிட்டால் உள்ளே போவார், கூப்பிடாவிட்டால் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு யாரோடும் பேச மாட்டார்.

தெருக்கோடியில் சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த வீட்டுப் பெரியவரை ஊரே முசே, அதாவது ஐயா, என்று பிரெஞ்சில்தான் கூப்பிடும். முதுகு வளையாமல் நடப்பார், சிரிப்பதற்கு மேலதிகாரி உத்தரவு வேண்டும் போல இருப்பார். மனைவி இல்லை. ஒரே மகள் பிரான்சில். அந்த மகளுக்கு உடம்பு சரியில்லை என்று, அவளுடைய பையனை யாரோ உறவுக்காரர் கூட்டிக்கொண்டு வந்து கோடை லீவுக்கு இங்கே விட்டுவிட்டுப் போனார்.

பையனுக்கு என் வயது, பத்து இருக்கும். எங்களைவிடக் கறுப்பு. வாயைத் திறந்தால்தான் பாரிஸ் தெரியும், ரகரத்தைத் தொண்டையில் போட்டு உருட்டுவான். தமிழ் நன்றாகவே பேசுவான், அவன் அம்மா பேசுகிற தமிழ் அது. என் அம்மாவை ‘தாந்த்’ என்பான். அவர்கள் வழக்கத்தில் அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டம்மா எல்லாவற்றுக்கும் அதுதான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. “பாருடி, என்னையும் ஒருத்தன் தாந்த்துன்றான்” என்று குழாயடி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

அவன் கொண்டுவந்த அட்டைப் பெட்டியில்தான் அந்த விளையாட்டு இருந்தது. பெட்டியின் மேல் இறக்கை முளைத்த பல்லி மாதிரி ஒரு மிருகத்தின் படம். உள்ளே பிரெஞ்சில் ஒரு புத்தகம், பென்சில்கள், ஒரு துணிப்பையில் பகடைகள். நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. இருபது முகம் உள்ளது ஒன்றே ஒன்று, கருநீலம், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மை கரைந்த தண்ணீர் தெரியும். “இன்னாடி இது, சொரி புடிச்ச தாயக்கட்டை?” என்றாள் என் சிநேகிதி.

அவள் அத்தர்க் கடைக்காரர் மகள், என் வகுப்பு. பெரிய மார்க்கெட் பக்கம் அவள் அத்தாவுக்குக் கடை. அவள் வந்து உட்கார்ந்தால் அறை முழுக்க மணக்கும், அவளுக்கு மட்டும் அது தெரியாது. அவள், நான், அந்தப் பையன், விட்டுவிட்டு வர முடியாத என் நாலு வயதுத் தங்கச்சி. இதுதான் எங்கள் கூட்டம்.

விளையாடுவது சொல்தா வீட்டு முன்னறையில், மத்தியானத்தில். நம் ஊரில் பகல் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நல்ல பழக்கம். முசேவும் தூங்குவார். ஆளுயர மரச் சன்னல்களைச் சாத்திவிட்டால், பட்டி இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாகத் தரையில் விழும். “உச்சிப்பொழுதுல வெளிய சுத்தாதீங்கடி, காத்து கருப்பு அண்டிடும்” என்பாள் அம்மா. நாங்கள் சொன்ன பேச்சைக் கேட்டு உள்ளேயே உட்கார்ந்து, அந்தக் காற்று கருப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கதை சொல்லுகிறவனை மேத்ர் என்பான். அது எப்போதும் அவன்தான். மேத்ர் சொன்னால் சொன்னதுதான். அவன் குகை என்றால் குகை, மழை என்றால் மழை. என் சிநேகிதி மந்திரக்காரி. அவளுக்கு நெருப்பு, இடி எல்லாம் பிடிக்கவில்லை, எடுத்த எடுப்பில் பிராணிகளைத்தான் கூப்பிடுவாள். ஓநாய், கரடி, மூன்று தலைப் பாம்பு. என் மகன் கூட்டம் போட்ட அதே சண்டையை நாங்கள் அந்தத் தரையில் அன்றைக்கே போட்டு முடித்துவிட்டோம்.

பையன் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வான். கூப்பிடுகிற பிராணி புதிதாக உண்டாவதில்லை, இருந்த இடத்திலிருந்து வருகிறது. வந்ததும் அதற்கு ஒரு வேலை சொல்ல வேண்டும். வேலை முடிந்தாலோ, கூப்பிட்டவன் அனுப்பினாலோ போய்விடும். இங்கே வெட்டுப்பட்டால் சாகாது. அதை ‘ரப்பெலே’ ஆகிவிட்டது என்பார்கள். இருந்த இடத்துக்கே திருப்பி அழைக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னொரு நாள் கூப்பிட்டால் திரும்பவும் வரும்.

“அது சாப்ட்டுட்டு இருக்கறப்ப கூப்ட்டா?” என்றேன் நான்.

“வாய்ல கறியோட வரும்” என்றாள் சிநேகிதி.

“புத்தகத்துல இல்ல” என்றான் பையன், கவலையோடு பக்கம் புரட்டி.

எனக்கு இதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அது பதிலி ஆள். கூப்பிட்டால் ஓட வேண்டும், சங்கு ஊதினால் திரும்ப வேண்டும், அடிபட்டால் கேட்க நாதியில்லை. அப்பாவைக் கூப்பிட்ட நாட்களில் எங்கள் வீட்டுக் கட்டில் காலியாகக் கிடக்கும், தங்கச்சி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஆக நாங்கள் கூப்பிடுகிற ஓநாய்க்கும் எங்கேயோ ஒரு குகை காலியாகும், ஒரு குட்டி தேடும். இதைச் சொன்னதும் பையன் புத்தகத்தை மூடினான். “அப்ப சீக்கிரம் அனுப்பிடணும்” என்றான்.

“அனுப்பறப்ப போயிட்டு வான்னு சொல்லணும். கூப்புட்டதுக்கு விடை குடுக்கலன்னா அது நம்ம பக்கத்துலயே நிக்கும்” என்றாள் சிநேகிதி. ஜின்களைப் பற்றி அவள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்களாம். என் பங்குக்கு நான் பூதத்தின் கதையைச் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஜமானையே தின்றுவிடும். கடைசியில் அவன் நாய் வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பித்தான். “அப்ப, முடியவே முடியாத வேல சொன்னா, போவவே போவாதா?” என்று கேட்டான் பையன். ஆமாம் என்றேன்.

அதற்குச் சில நாள் கழித்து, மாதா கோயில் சாமியார் முசேவைப் பார்க்க வந்தார். வாசலில் நின்றபடியே இருவரும் பிரெஞ்சில் பேசினார்கள். முசே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், அதை நானே என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். மறுநாள் பையன் பெட்டியைத் திறக்காமல் எங்களுக்காகக் காத்திருந்தான்.

“எங்கம்மா ரப்பெலே ஆயிட்டாங்க” என்றான்.

“அப்படின்னா?”

“தாத்தா சாமியார்கிட்ட சொன்னாரு, நான் கேட்டேன். ரப்பெலே. திரும்பிப் போயிட்டாங்க. அப்படின்னா கூப்புடலாம்.”

அவன் முகத்தில் அழுகை இல்லை, சந்தோஷமும் இல்லை. கணக்குப் போட்டு விடையைச் சரிபார்க்கிற முகம். எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும், அது அவன் புத்தகத்தில் இருந்த அர்த்தம். பாரிஸில் இருக்கிற அம்மாவை அந்த விளையாட்டில் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறான், பாவம், ஏங்கிப்போய்விட்டான் என்று நான் நினைத்தேன்.

கூப்பிடுகிறவன் மேத்ராக இருக்கக் கூடாது என்று என்னை மேத்ராக உட்காரவைத்தான். பெயர் தெரிந்த ஆளைக் கூப்பிடுவது ரொம்பக் கஷ்டம், இருபது முகப் பகடையில் இருபதே விழ வேண்டும். என்ன வேலை சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். அது மேத்ர் கேட்க வேண்டிய கேள்வி.

“என் பக்கத்துல உக்காந்திருக்கணும். நான் போதும்னு சொல்ற வரைக்கும்.”

பெயரை முணுமுணுத்துவிட்டு உருட்டினான். பகடை தரையில் கடகடவென்று ஓடிப் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. அவன் கன்னத்தைத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தான். “இருபது” என்றான். நானும் குனிந்தேன். சுவரோரமாக, வெகு உள்ளே, நீலமாக ஏதோ மினுங்கியது. எண் தெரியவில்லை.

“இருபதா?”

“இருபது.”

“வந்துட்டாங்க” என்றேன் நான். மேத்ர் சொன்னால் சொன்னதுதான்.

அடுத்து நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதலில் அத்தர் வாசனை நின்றுபோனது. சிநேகிதி அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் அறையில் எந்த வாசனையும் இல்லை, மரத்தின் வாசனை, பழைய காகிதத்தின் வாசனைகூட இல்லை. அவள் நீட்டியிருந்த காலைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள். பையனுக்குப் பக்கத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்த என் தங்கச்சி கண்ணைத் திறந்தாள். அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஒருவர் உட்காருகிற அளவுக்குத் தள்ளிப் படுத்து, மறுபடியும் தூங்கிப்போனாள்.

ஒட்டடைக் கம்பை விட்டுப் பீரோவுக்கு அடியில் துழாவினோம். தூசு வந்தது, ஒரு பொத்தான் வந்தது. பகடை வரவே இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே என்னைக் கிட்டே கூப்பிட்டாள். “முசே வூட்டுப் பையன்கிட்ட எதுவும் ஒளறி வைக்காத. அவங்கம்மா தவறிட்டாங்களாம், அங்கியே அடக்கமும் ஆயிடுச்சாம். அவங்கப்பா வந்து பக்குவமா சொல்லுவாராம். அதுவரைக்கும் பையனுக்குத் தெரியக் கூடாதுன்னு முசே சொல்லியிருக்காரு.” ரப்பெலே என்று முசே வீட்டைப் போன்ற வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், செத்தவர்களைத்தான் சொல்வார்கள், கடவுள் திருப்பி அழைத்துக்கொண்டார் என்பது அதன் பொருள் என்று நான் தெரிந்துகொண்டது பிற்பாடு. அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நாங்கள் கூப்பிடுவதற்கு முன்பே அவள் செத்துப்போயிருந்தாள்.

சிநேகிதியிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள், “அப்ப எங்கேர்ந்துடி வந்தாங்க?” என்றாள்.

இருந்த இடத்திலிருந்துதான் வரும் என்று அடித்துப் பேசியவள் நான்தானே.

ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. குழாயடியில் பெண்கள் அவனைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். மளிகைக் கடையில் காரணமில்லாமல் கைநிறையப் பொட்டுக்கடலை கொடுத்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் கண்ணில் படாது என்று பெரியவர்கள் எப்படித்தான் நம்பினார்களோ! இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அப்போது எனக்குப் பயம்தான் வந்தது.

ஏனென்றால் அவன் நடக்கும்போது சந்தில் ஒரு பக்கமாக ஒதுங்கி நடந்தான், இன்னொருவருக்கு இடம் விட்டு. கோயில் பெஞ்சில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு இடது பக்கத்துத் தரையில் என் தங்கச்சி கால் வைத்ததே இல்லை. எவ்வளவு வேகமாக ஓடி வந்தாலும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். அவளிடம் நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது, சிமெண்டுத் தரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. அவன் பக்கத்துத் தரையை ஒருநாள் தெரியாமல் தொட்டேன், பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி இருந்தது.

இதோடு நின்றிருந்தால் லீவு முடிந்து எல்லாம் மறந்துபோயிருக்கும். ஆனால் அவன் ஒரு சொல்லைச் சொல்வதை நிறுத்திவிட்டான். அந்தச் சொல் இல்லாமல் தமிழ் வீட்டில் ஒருவேளைகூடச் சாப்பிட முடியாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

தட்டில் சோறு போடுகிறவள் எதிராளி போதும் என்கிறவரை போட்டுக்கொண்டேதானே இருப்பாள்? அவன் சொல்ல மாட்டான். கையைக் குறுக்கே காட்டினாலும் போதும் என்றுதான் அர்த்தம், அதனால் கையையும் காட்ட மாட்டான். போட்டதையெல்லாம் தின்பான். தண்ணீர் ஊற்றினால் டம்ளர் வழிந்து தரையில் ஓடும், பார்த்துக்கொண்டே இருப்பான். எங்கள் வீட்டில் சாப்பிடுகிற நாட்களில் அம்மா முதலில் பெருமைப்பட்டாள். “என் கைப்பக்குவம் அப்படி. பாரிஸ்ல இந்த மாதிரி வத்தக்கொழம்பு ஏது?” என்று இன்னொரு கரண்டி போடுவாள். சாப்பிட்டுவிட்டுப் போகிற வழியில் அவன் எங்கள் வேலியோரம் வாந்தி எடுத்ததை அவள் பார்க்கவில்லை.

நாளாக ஆக வயிறு உப்பி, முகம் வெளுத்து, கண் உள்ளே போனது. முசே வயிற்றில் பூச்சி என்று விளக்கெண்ணெய் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே கோளாறு ஒன்றுமில்லை என்றார்கள். தெருவில் திருஷ்டி என்றார்கள், மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். எல்லோரும் அவன் வயிற்றையே பார்த்தார்கள். விளக்கெண்ணெய்க்குக்கூட அவன் போதும் என்று சொல்லவில்லை, முசே ஊற்ற ஊற்றக் குடித்தான்.

நான் ஒருநாள் அவன் கையைப் பிடித்து இழுத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனேன். “சொல்லிடுடா. போதும்னு சொல்லிடு. செத்துடுவடா நீ.”

“சொன்னா போயிடுவாங்க.”

“போனா மறுபடியும் கூப்புடலாம். நீதான சொன்ன?”

“கல்லு இல்லியே” என்றான்.

பீரோவுக்கு அடியில் போன பகடையைத்தான் சொன்னான். கடையில் வாங்குகிற பொருளா அது? இருபது முகம் உள்ள கல் புதுச்சேரியிலேயே ஒன்றுதான் இருந்தது. அந்தச் சொல்தா வீடு இப்போது அடுக்குமாடி. இடித்த அன்று நான் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய், முன்னறை இருந்த மூலையில் கற்குவியலைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். அத்தர்க் கடைக்காரர் மகளும் கூட வந்தாள், பேத்தி எடுத்துவிட்டவள். வேலையாட்கள் எங்களை ஏதோ புதையல் தேடுகிறவர்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இருவரும் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தோம்.

கடைசியாக அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்ட மத்தியானத்தைச் சொல்கிறேன். அன்று அப்பாவை மில்லில் கூப்பிட்டிருந்தார்கள், வீட்டில் நாங்கள்தான். அம்மா எங்களைச் சுவரோரமாக வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறினாள். நான், தங்கச்சி, கொஞ்சம் இடம் விட்டு அவன். அம்மா அவனுக்கு மூன்றாம் முறை சோறு போடக் கரண்டியை எடுத்தாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

தங்கச்சி வாயில் சோற்றோடு அந்த இடைவெளியைக் காட்டினாள். “அம்மா, இவங்களுக்குச் சோறு போடலியா?”

“யாருக்குடி?”

“இவங்களுக்கு. எப்பவும் சும்மாவே உக்காந்திருக்காங்க.”

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவள் தங்கச்சியைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். அவள் கையில் மயிர் சிலிர்த்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அம்மா பயந்தவள்தான், சுடுகாட்டு வழியாகப் பகலில்கூட வர மாட்டாள். கத்தப்போகிறாள், பையனைத் துரத்தப்போகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த ஒருத்தியை விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறுவது அவளால் முடியாத காரியம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எழுந்து போய் இன்னொரு தட்டைக் கழுவிக்கொண்டு வந்தாள். இடைவெளியில் வைத்தாள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், அப்பளம் வைத்தாள். குழம்பு கொஞ்சம் தரையில் சிந்தியது. வெறும் சுவரைப் பார்த்து, விருந்தாளியைக் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

“போதுமாம்மா?”

சத்தமில்லை. இன்னொரு கரண்டி போட்டாள். “போதுமா?” இன்னொன்று. சோறு தட்டில் குவிந்துகொண்டே போனது. அம்மா நிறுத்துவதாக இல்லை, எதிரில் இருப்பவள் சொல்லாமல் எப்படி நிறுத்துவாள்? பானையில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

பையன் தலையைச் சாய்த்து இடது பக்கம் காதைக் கொடுத்தான்.

“தாந்த்” என்றான். “அவங்க போதும்ன்றாங்க.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. சாப்பிட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவனுடைய கண்கள் அவ்வளவு பெரிதாக விரிந்து நான் பார்த்ததில்லை. அம்மா கரண்டியைப் பானையில் போட்டுவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“ஒங்கம்மாவா கண்ணு?”

தலையை ஆட்டினான். வாயிலிருந்து கையை எடுத்தான். “எங்கம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சேன் தாந்த். ரப்பெலேன்னா கோயில்ல அதான் சொல்லுவாங்க. ஆனா யாருமே எங்கிட்ட சொல்லல. தாத்தா சொல்லல, நீங்க சொல்லல. அதான், அவங்களையே கேக்கலாம்னு கூப்புட்டேன்.”

அம்மா இன்னும் கிட்டே நகர்ந்தாள். “கேட்டியா?”

“மொத நாளே கேட்டேன். ‘நீ மொதல்ல சாப்ட்டு முடி, அப்புறம் சொல்றேன்’னாங்க.”

அவன் தட்டில் ஒரு வாய் சோறு மிச்சம் இருந்தது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அந்தச் சோற்றை உருட்டினான், போட்டுக்கொண்டான், மென்று விழுங்கினான். பிறகு இடது பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அவன் யாரோ பேசுவதைக் கவனமாகக் கேட்கிற பிள்ளையாகக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான், “சரிம்மா, போயிட்டு வாங்க” என்றான், எழுந்து போய்க் கை கழுவினான்.